தயார்த் தளமா, நாமே பராமரிக்கும் சர்வரா: ஒரு பவர்டேபிள் கணக்கு

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் மாமா பவர்டேபிள் (கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் தையல் கூடம்) வைத்திருக்கிறார். பீஸ் ரேட் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடித்துப் பணம் கைக்கு வந்தாக வேண்டும். யார் எத்தனை பீஸ் தைத்தார் என்று பதிந்து, வாரக் கூலியைக் கூட்டித் தரும் வலைச்செயலி ஒன்றை ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதிக் கொடுத்தேன். எழுத மூன்று வாரம் போதுமாக இருந்தது. அதை எங்கே குடிவைப்பது என்று தெளிய ஒன்றரை வருடம் ஆயிற்று.

நிரலை மட்டும் கொடுத்தால் மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளும் ஹெரோக்கு வகைத் தளம் ஒரு வழி. மாத வாடகைக்கு உபுண்டு இயங்குதளம் மட்டுமே உள்ள வெறும் சர்வர் பிடித்து, எஞ்சின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருள் முதல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வரை நாமே நிறுவிக்கொள்வது இன்னொரு வழி. நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

முதலில் போனது தளத்துக்குத்தான். ஒரு கிட் புஷ் (நிரலைத் தளத்துக்கு அனுப்பும் கட்டளை), இரண்டு நிமிடம், செயலி ஓடத் தொடங்கிவிட்டது. சர்வர் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம், அங்கேயே இருக்கலாம். இலவசத் திட்டத்தை நம்பித் தொழிலை வைக்காதீர்கள், அவ்வளவுதான். ஹெரோக்குவே 2022 நவம்பரில் அதை நிறுத்திவிட்டது. நான் மாட்டியது வேறொன்றில். டெலிவரி சலான்களைப் படம் எடுத்து ஏற்றும் வசதியைச் சேர்த்திருந்தேன். அடுத்த முறை நிரலைப் புதுப்பித்ததும் அத்தனை படமும் காணவில்லை. இத்தகைய தளங்களில் வட்டு தற்காலிகமானது; ஒவ்வொரு புதுப்பிப்பிலும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தருவார்கள். ஆவணத்தில் எழுதித்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. படத்துக்குத் தனிச் சேமிப்பகம், தரவுத்தளத்துக்குத் தனிக் கட்டணம் என்று பில் நீண்டபோது கிளம்பிவிட்டேன்.

1 ஜிபி நினைவகம் கொண்ட சிறிய சர்வர் எடுத்தேன். 28 மெஷின் ஓடும் கம்பெனிக்கு அது தாராளம். கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டி நிறுவினேன். ஓடியது. என்ன செய்தேன் என்பது மட்டும் அடுத்த மாதமே மறந்துவிட்டது.

பராமரிப்பு என்ற ஒன்றைத் தவிர இந்த ஒப்பீட்டில் வேறெதுவும் பெரிதில்லை என்று புரிந்தது ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்தரைக்கு மாமா அழைத்தார். “மாப்பிள்ளை, இது பாதுகாப்பற்ற தளம் என்று சிவப்பாக வருகிறது. டெய்லர்கள் எல்லாம் நிற்கிறார்கள்.” இணைப்பு பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அப்போது அதன் ஆயுள் 90 நாள். 30 நாள் மிச்சமிருக்கும்போதே செர்ட்பாட் என்ற நிரல் அதைப் புதுப்பிக்க முயலும். என்னுடையதும் முயன்றிருக்கிறது, தினமும் தோற்றிருக்கிறது. பாதுகாப்புக்கு நல்லது என்று 80ஆம் போர்ட்டை (வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசல்களில் ஒன்று) ஃபயர்வாலில் நானே அடைத்திருந்தேன். சான்றிதழ் தரும் முன் முகவரி என்னுடையதுதானா என்று பார்க்க நான் வைத்திருந்த சரிபார்ப்பு முறைக்கு அந்தப் போர்ட்தான் வழி. அன்று கூலிக் கணக்கு கால்குலேட்டரில் நடந்தது. தளத்தில் இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தளத்துக்குத் திரும்பிப் போகாமல், கோப்பில் எழுதியபடி சர்வரை அமைத்துத் தரும் ஆன்சிபிள் என்ற கருவியில் சர்வர் முழுவதையும் எழுதினேன். நான் சொன்ன நிபந்தனை இதுதான். எந்தப் பயனர், எந்தப் போர்ட், எஞ்சின்எக்ஸ் அமைப்பு, சான்றிதழ் புதுப்பிப்பு, இரவு இரண்டு மணிக்கு எடுக்கும் தரவுத்தள நகல் என்று எல்லாமே யாம்ல் என்ற எளிய உரைக் கோப்புகளில். ஆன்சிபிளுக்கென்று சர்வரில் தனியாக மென்பொருள் ஏதும் வேண்டாம். தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பும் பைத்தானும் போதும். ஒரே கோப்பை இரண்டாம் முறை ஓட்டினால், மாறியவை பூஜ்ஜியம் என்று கடைசி வரி வர வேண்டும்; சர்வர் கோப்பில் உள்ளபடியே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்க்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. இப்போது சர்வரில் நேராக நுழைந்து எதையும் திருத்துவதில்லை. திருத்தினால் கோப்பும் சர்வரும் வேறு வேறு கதை சொல்லத் தொடங்கிவிடும்.

ஒரே நேரத்தில் நாற்பது பேருக்குமேல் என் செயலியில் நுழைந்ததில்லை. திடீரென்று ஆயிரம் பேர் வரும் கடை நடத்துகிறவர்கள் என் பேச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பல சர்வர்களில் செயலிகளைப் பரப்பி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் பக்கம் நான் போனதே இல்லை; ஒரு பவர்டேபிளுக்கு அது தேவையும் இல்லை.

மாமா கேட்ட கேள்வி வேறு. “மெஷின் நின்றால் மெக்கானிக் வருவார். இது நின்று, நீயும் ஊரில் இல்லாவிட்டால்?” அதற்காகவே பெருந்துறையில் படிக்கும் மாமா மகனிடம் கோப்புகளைக் கொடுத்து, புது சர்வர் ஒன்றை எழுப்பச் சொன்னேன். நான் வாயே திறக்கவில்லை. சர்வரில் நுழைய வேண்டிய எஸ்எஸ்எச் சாவிக் கோப்பில் முக்கால் மணி நேரம் திணறினான். அதன்பின் 20 நிமிடத்தில் போன இரவின் நகலோடு செயலி ஓடியது. சாவியை எங்கே வைப்பது என்பதை இப்போது முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். ரகசியங்களைப் பூட்டிய ஆன்சிபிள் வால்ட்டின் கடவுச்சொல், மாமாவின் பீரோவில் பழைய கூலி நோட்டுக்குள் இருக்கிறது.