இயங்கும் நிலையில் உள்ளது என்று காணொளி காட்டி விற்கப்பட்ட டைனோசர் மாடல்: பழைய கிட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய மோட்டார் டைனோசர் மாடல்களை வாங்கிச் சீரமைப்பவர்கள், விளம்பரத்தில் இணைத்திருக்கும் காணொளியை மட்டும் நம்பிப் பணம் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அண்மையில் இணையச் சந்தை ஒன்றில், ஜப்பானியப் பொம்மை நிறுவனமான டோமி 1983-இல் தொடங்கிய, நாமே கோத்து மாட்டும் மோட்டார் மாடல்களான சாய்ட்ஸ் வரிசையைச் சேர்ந்த, இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும் டைனோசர் ஒன்றை வாங்கினேன். "எல்லாப் பாகங்களும் அசல், பசை படாதது, இயங்கும் நிலையில் உள்ளது" என்று விற்பனையாளர் எழுதியிருந்தார். மேசை மீது அது விறுவிறுவென நடந்துபோகும் சிறு காணொளியும் இருந்தது. அந்த மூன்று உறுதிமொழிகளில் ஒன்றுகூட உண்மையில்லை.

புதிய பேட்டரிகளைப் போட்டு ஸ்விட்சைத் தள்ளினால் எந்த அசைவும் இல்லை. பேட்டரிப் பெட்டிக்குள் பார்த்தபோது, தகடுகளின் மேல் அலுமினியத் தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். அதை எடுத்ததும் கீழே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போன தகடுகள் தெரிந்தன. அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அது வெள்ளைப் பொருக்காகப் படிந்துவிடும். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் இந்தப் பொருக்கு போய்விடும். பழைய கார்பன்-துத்தநாக பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை கொண்டது என்பதால், அதற்குச் சமையல் சோடாதான் சரி. ஆனால் கசிவு தகட்டோடு நிற்பதில்லை. செம்புக் கம்பியின் மேலுறைக்கு அடியில் ஊர்ந்து உள்ளே போகும். என்னுடையதில் கம்பியை உரித்துப் பார்த்தபோது செம்பு உள்ளே வெகுதூரம் வரை கறுத்திருந்தது, பற்றவைக்கும் ஈயம் அதில் ஒட்டவே மறுத்தது. அந்தக் கம்பி வழியாக மோட்டாருக்குப் போதுமான மின்சாரம் போயிருக்க வழியே இல்லை.

அப்படியானால் காணொளியில் அது எப்படி நடந்தது? கியர் பெட்டியைத் திறந்தபோதுதான் விடை கிடைத்தது. மோட்டாரின் இரு முனைகளிலும், பழைய கம்பிகளுக்குப் பக்கத்தில், புதிதாகப் பற்றவைத்து ஒட்ட வெட்டிய கம்பித் துணுக்குகள் பளபளவென்று இருந்தன. பேட்டரிப் பெட்டியை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, வெளியிலிருந்து நேராக மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். காணொளியைத் திரும்பப் பார்த்தால் மற்றதும் புரிகிறது. ஒரே பக்கத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள், பேட்டரிப் பெட்டி ஒரு நொடிகூடத் தென்படுவதில்லை, ஒலியையும் நீக்கியிருக்கிறார்கள். இந்த வகை மாடல் இயல்பாகவே மெதுவாக, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி மாற்றி நடக்கும். அவ்வளவு வேகமாக நடந்ததே அளவுக்கு மீறிய வோல்ட் கொடுத்ததற்கு அடையாளம். மோட்டாரைக் கழற்றியபோது சுருளின் மேற்பூச்சு கருகிய வாடை அடித்தது, கம்யூட்டேட்டர் (சுருளுக்கு மின்சாரத்தைக் கடத்தும் சுழல் பகுதி) கரி பிடித்திருந்தது.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மோட்டார் மாற்றக்கூடிய பொருள். பொறுக்க முடியாதது பசை. இந்த வரிசை மாடல்கள் பசையே இல்லாமல் கோத்து மாட்டும்படி வடிவமைக்கப்பட்டவை. கை கால்களை அச்சில் பிடித்து வைப்பவை சிறு ரப்பர் மூடிகள். பல பத்தாண்டுகளில் அந்த ரப்பர் இறுகி வெடிப்பது இயல்புதான், அதைச் சொல்லி விற்பதில் தவறேதும் இல்லை. இவரோ வெடித்த மூடிகளின் இடத்தில் ஹாட் குளூ உருண்டைகளை வைத்து, அதன் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார். மூடிக்குள் சுழல வேண்டிய தோள் அச்சு அப்படியே உறைந்துபோயிருந்தது. கியர் பெட்டியின் விளிம்பிலும் சூப்பர் குளூ விட்டிருந்தார். அந்தப் பசையின் ஆவி படிந்து, இணைப்பைச் சுற்றி வெண்பனி படர்ந்ததுபோல் மங்கலாகியிருந்தது. உள்ளே, மோட்டார் அச்சில் இறுக்கமாகச் செருகியிருந்த பினியன் என்ற சிறு பற்சக்கரம் நீளவாக்கில் பிளந்திருந்தது. பழைய மாடல்களில் இது அடிக்கடி நேர்வது. 2 மி.மீ. அச்சுக்குப் பொருந்தும் பினியனை, பல் எண்ணிக்கையும் மாட்யூலும் (பல்லின் அளவு) ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கி மாட்டினால் தீர்ந்துவிடும் சிறு வேலை. பிளவை மறைக்க அங்கும் பசையை ஊற்றியதால் அது வழிந்து அடுத்த கியரின் பற்களிலும் மோட்டாரின் தாங்கியிலும் இறுகிவிட்டது. பெட்டியைப் பிரிக்கும்போது பூட்டுக் கொக்கிகள் இரண்டு முறிந்தன. எளிதில் சரிசெய்திருக்கக்கூடிய ஒரு நல்ல மாடலை, விற்பதற்காக ஒரு நிமிடம் ஓட வைக்கும் பொருட்டு நிரந்தரமாகக் கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். அனுப்பும் வழியில் அடிபட்டிருக்கும் என்றார். அடிபட்டால் பசை முளைக்காது என்று பதில் எழுதியதும் குரல் மாறியது. தன்னிடம் உதிரி கியர் பெட்டி ஒன்று இருப்பதாகவும், புகார் எதுவும் கொடுக்காமல் காத்திருந்தால் இலவசமாக அனுப்பி வைப்பதாகவும் கனிவாகச் சொன்னார். இதைத்தான் எல்லோரும் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இத்தகைய சந்தைகளில் வாங்குபவர் புகார் அளிக்கக் குறிப்பிட்ட கெடு உண்டு. நாளை, மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போன அவர், அந்தக் கெடு முடிந்த பிறகு ஒரு செய்திக்கும் பதில் தரவில்லை. உதிரி பாகம் தருவதாக யார் சொன்னாலும், பேச்சை ஒருபுறம் தொடர்ந்துகொண்டே புகாரை உடனே பதிவு செய்துவிடுங்கள். தீர்வு கிடைத்தால் பிறகு புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

வாங்கும் முன்பு, பேட்டரிப் பெட்டி திறந்த நிலையில் தகடுகளின் படத்தையும், பேட்டரிகளை உள்ளே போட்டு, மூடி, ஸ்விட்சைத் தள்ளி நடக்க வைக்கும்வரை இடையில் வெட்டு இல்லாத காணொளியையும் ஒலியோடு கேளுங்கள். ரப்பர் மூடிகளையும் கியர் பெட்டியின் விளிம்பையும் அருகிலிருந்து எடுத்த படங்களும் வேண்டும். நேர்மையான விற்பனையாளருக்கு இது சில நிமிட வேலை.

அதே விற்பனையாளர் இப்போது அதே மேசையின் மேல் நான்கு கால் டைனோசர் ஒன்றை நடக்கவிட்டு விளம்பரம் போட்டிருக்கிறார். இதிலும் ஒலி இல்லை, பேட்டரிப் பெட்டி இருக்கும் பக்கம் தெரியவில்லை. மேலே சொன்ன படங்களைக் கேட்டு அந்த விளம்பரத்தின் கீழேயே எழுதினேன்; என் கேள்வி நீக்கப்பட்டுவிட்டது, விளம்பரம் இன்னும் இருக்கிறது.