சுட்ட மண் அச்சும் புல்ஸ்ஐ ஷெல்ஃப் பிரைமரும்: கண்ணாடி டைல் வார்ப்பவருக்கு ஒரு மதிப்பீடு

மின்சூளையில் கண்ணாடியை உருக்கி டைல் வார்ப்பவர்களுக்கு, ஒரே அச்சிலிருந்து எத்தனை டைல் எடுக்கலாம் என்பதுதான் முதல் கணக்கு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் சிலிக்கா மாவையும் எடையில் சரிபாதியாகக் கலந்து செய்யும் அச்சு நுணுக்கமான வேலைப்பாட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆனால் சூட்டில் பிளாஸ்டரிலுள்ள நீர் வெளியேறியதும் உதிரத் தொடங்குவதால், அதை ஒருமுறைக்கானது என்றே கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பப் பயன்படுத்த நான் பரிந்துரைப்பது, சுமார் 1,060 டிகிரி செல்சியஸில் சுட்ட, மெருகிடாத மண் அச்சையும், அமெரிக்காவின் போர்ட்லண்டிலுள்ள புல்ஸ்ஐ நிறுவனத்தின் ஷெல்ஃப் பிரைமரையும்தான்.

உருகிய கண்ணாடி அச்சோடு ஒட்டாமல் தடுப்பதே இந்தப் பிரைமரின் வேலை. ஒரு பங்கு பொடிக்கு ஐந்து பங்கு நீர் என்று அளந்து கரைத்து, மென்மையான அகலத் தூரிகையால் நான்கைந்து பூச்சுகளை வெவ்வேறு திசைகளில் இட வேண்டும். பொடி விரைவில் அடியில் தங்கிவிடுவதால், தூரிகையைத் தோய்க்கும்போதெல்லாம் அடிவரை கலக்காவிட்டால் வெறும் நீரைத்தான் பூசிக்கொண்டிருப்போம். மேற்சொன்ன சூட்டில் சுட்ட மண்ணில் நுண்துளைகள் இருப்பதால், தூரிகை பட்ட இடத்தில் ஈரம் கண்ணெதிரே உறிஞ்சப்பட்டுப் பூச்சு சீராகப் படிகிறது. அதிகச் சூட்டில் இறுகிய மண்ணில் பூச்சு இப்படிப் பிடிப்பதில்லை.

அச்சின் வடிவம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஆறும்போது கண்ணாடி மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால், பள்ளமான அச்சின் ஓரங்களிலிருந்து அது தானாகவே விலகிக்கொள்ளும். ஓரங்கள் வெளிப்புறமாகச் சற்றுச் சரிந்திருந்தால் போதும். அதே சுருக்கம், துளைக்காக நடுவில் நிறுத்திய முளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். நான் ஆயத்தமாக வாங்கிய ஓர் அச்சில் முளை செங்குத்தாக இருந்தது. டைல் அதைச் சுற்றியே இரண்டாகப் பிளந்தது. முளை தேவையென்றால் அது மேல்நோக்கி நன்றாகக் குறுக வேண்டும். இல்லையேல் அச்சைச் சமதளமாக விட்டு, துளை வேண்டிய இடத்தில், சூடு தாங்கும் இழைத்தாளான ஃபைபர் பேப்பரைச் சுருட்டி நிறுத்துவது நல்லது.

ஈரமண் காய்ந்து சுடப்படும்போது பல மண்வகைகள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்குவதால், மூல மாதிரியைப் பெரிதாகவே செய்ய வேண்டும். நிரப்பும் அளவைக் கண்மதிப்பில் விடக் கூடாது. 10 சென்டிமீட்டர் சதுர டைலுக்கு 6 மில்லிமீட்டர் கனம் வேண்டுமென்றால் கொள்ளளவு 60 கன சென்டிமீட்டர். கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம் என்பதால் 150 கிராம் ஃபிரிட் எடுக்க வேண்டும். ஃபிரிட் என்னும் இந்தக் கண்ணாடிக் குருணை பொடியாக இருந்தால் டைல் மங்கலாகவும், பருமனாக இருந்தால் தெளிவாகவும் வரும். புல்ஸ்ஐ கண்ணாடி முழுதாக உருகிச் சேர 804 டிகிரியும், உள்ளிறுக்கம் தணிய 482 டிகிரியில் நிறுத்திவைத்தலும் வழக்கமான அளவுகள்.

இத்தகைய பூச்சு எதுவானாலும், முழு உருக்கத்துக்குப் பின் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்; அதிலுள்ள சீனக்களிமண் சூட்டில் மாறிவிடுவதால், அடுத்த முறை அது கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் கட்டாயம். மெல்லிய கோட்டு வேலைப்பாடுகளில் நான்கு பூச்சுகள் சேர்ந்து பள்ளங்களை நிரப்பிவிடுவதும் உண்மையான குறை. அங்கே, கண்ணாடி ஒட்டாமல் தடுக்கும் மற்றொரு பூச்சான போரான் நைட்ரைடு ஸ்பிரே கோடுகளைக் காப்பாற்றும்; விலை அதிகம் என்பதோடு, அதை ஒருமுறை அடித்த அச்சில் நீரில் கரைத்த பிரைமர் பிறகு பிடிக்காது. ஆகவே அதற்கென்று தனி அச்சு ஒதுக்கிவிடுவதே முறை.