டெல்லியா, சென்னையா, தஞ்சாவூரா? கம்யூனிகேஷன் ஆளுங்க மாநாட்டுக்கு எங்க போறது

ஆடி பொறந்தா எங்க ஆபீஸ்ல இந்தப் பேச்சு வந்துரும். கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ல, அதாவது கம்பெனி சார்பா பத்திரிகைக்கும் ஜனங்களுக்கும் பதில் சொல்ற வேலைல, தலைமைப் பொறுப்புல இருக்கறவங்களுக்குன்னு வருஷா வருஷம் நடக்கற மாநாட்டுக்கு இந்த வருஷம் போறமா, போறதுன்னா எதுக்குப் போறது. நான் கும்பகோணத்துல தலைமை ஆபீஸ் வெச்சிருக்கற ஒரு நகைக்கடன் கம்பெனில கம்யூனிகேஷன் பார்க்கறேன், டிபார்ட்மென்ட்னா நானும் கூட ஒரு தம்பியும், அவ்வளவுதான். டெல்டால எந்த ஊருக்குப் போனாலும் என்னை பிஆர்ஓ மேடம்னுதான் கூப்பிடுவாங்க. ஒன்பது வருஷத்துல வீட்ல உக்காந்து ஆன்லைன்ல பார்த்திருக்கேன், மூணு நாள் டெல்லி போயிருக்கேன், சென்னைல ஒருநாள் கூட்டத்துக்குப் போயிருக்கேன், கடைசியா நாங்களே தஞ்சாவூர்ல ஒண்ணு நடத்தியும் பார்த்தாச்சு. திருவாரூர்ல ஒரு ஆஸ்பத்திரில இதே வேலைல புதுசா சேர்ந்திருக்கற தங்கச்சி ஒருத்தி “அக்கா, எங்க எம்டி ஒண்ணுக்குத்தான் காசு தருவாராம், எதுக்குப் போகட்டும்”னு கேட்டா, அவளுக்கு போன்ல சொன்னதை இங்க விரிவா எழுதறேன்.

ஆன்லைன் பாஸை முதல்ல முடிச்சிடலாம். அதை மட்டும் வாங்காதீங்க. காசு கம்மிதான், ரெகார்டிங்கும் தருவாங்க, ஆனா நீங்க ஆபீஸ் நாற்காலில உக்காந்திருக்கற வரைக்கும் ஆபீஸ் உங்களை விடாது. ரெண்டு வருஷம் வாங்கி ரெண்டு வருஷமும் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து போனதுதான் மிச்சம், அப்புறம் பார்த்துக்கலாம்னு வெச்ச ரெகார்டிங்கை இன்னைய வரைக்கும் திறக்கல.

இப்ப டெல்லியும் சென்னையும். டெல்லின்னு நான் சொல்றது தேசிய அளவுல நடக்கற பெரிய மாநாடு, அது மும்பைலயும் இருக்கலாம் வேற ஊர்லயும் இருக்கலாம். இந்தப் பழக்கம் நம்ம நாட்டுல நேத்து வந்தது இல்ல. பப்ளிக் ரிலேஷன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா 1958ல ஆரம்பிச்சது, 1968 ஏப்ரல் 21ஆம் தேதி டெல்லில முதல் அகில இந்திய மாநாடு கூட்டி, ஏதென்ஸ்ல 1965ல உலக அளவுல போட்ட தொழில் நெறிமுறையை நாமளும் ஏத்துக்கறோம்னு சொன்னாங்க, ஏப்ரல் 21ஐ தேசிய மக்கள் தொடர்பு தினம்னு கொண்டாடறது அதனாலதான். பொய் சொல்லாதே, தெரிஞ்சே தப்பான தகவலைப் பரப்பாதேங்கற நெறியை ஏத்துக்கிட்ட கூட்டம் அது. எனக்கு இந்த வேலை மேல இருக்கற மரியாதைக்கு அதுவும் ஒரு காரணம்.

செலவுன்னு பார்த்தா ரெண்டும் கிட்டயே வராது. டெல்லிக்கு கும்பகோணத்துல இருந்து கார் புடிச்சு திருச்சி ஏர்போர்ட் போகணும், 90 கிலோமீட்டர், 2024ல திறந்த புது டெர்மினல் நல்லா வசதியாத்தான் இருக்கு, ஆனா ஏறி இறங்கி மாறிப் போயி சேர்றதுக்குள்ள ஒரு நாள் முழுசா போயிரும், திரும்பி வர இன்னொரு நாள். மூணு நாள் மாநாடுன்னா வேலைல அஞ்சு நாள் காலி. போன தடவை எனக்கு ஃபீஸ், டிக்கெட், ரூம் எல்லாம் சேர்த்து 70,000 தாண்டிருச்சு. ஃபீஸ் மேல 18% ஜிஎஸ்டி வேற. சாதாரண கம்பெனின்னா அதை கிரெடிட்டா எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம், எங்களுது என்பிஎஃப்சி, அதாவது பேங்க் இல்லாத நிதி கம்பெனி, பாதி கிரெடிட் மட்டும் எடுக்கற 50% முறைல இருக்கோம், அதனால பாதிதான் திரும்பும். அக்கவுன்ட்ஸ் அண்ணன் பில்லைப் பார்த்துட்டு “ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்மா”ன்னாரு. அவர் சொன்னதுல தப்பே இல்ல. சென்னைக்கு அந்தக் கணக்கே கிடையாது, ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏறிப் படுத்தா காலைல சென்னை, கூட்டம் முடிச்சு அன்னைக்கு ராத்திரியே திரும்ப ஏறிடலாம், எல்லாம் சேர்த்து 12,000க்குள்ள முடிஞ்சிருச்சு.

மேடைல என்ன பேசறாங்கன்னு பார்த்தா டெல்லி ஒரு படி மேலதான், அதை மறுக்க முடியாது. ஆனா அங்க பேசறதுல பெரும்பகுதி லிஸ்டட் கம்பெனிக்கானது, அதாவது பங்குச் சந்தைல பங்கு விக்கற கம்பெனிக்கு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபி கொண்டுவந்த வதந்தி சரிபார்ப்பு விதியைப் பத்தி ஒரு முழு செஷன் நடந்துச்சு, 2024 ஜூன் 1ல இருந்து சந்தை மதிப்புல முதல் 100 கம்பெனிக்கு, டிசம்பர் 1ல இருந்து முதல் 250 கம்பெனிக்கு, பத்திரிகைல ஒரு வதந்தி வந்து பங்கு விலை பெருசா ஆடுச்சுன்னா 24 மணி நேரத்துக்குள்ள ஆமாம் இல்லைன்னு எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லணும். ரொம்ப நல்லா விளக்குனாங்க, எனக்குத்தான் அது ஒட்டல, நாங்க லிஸ்ட் ஆகாத கம்பெனி. எங்க ஊர்லயே 1904ல ஆரம்பிச்ச சிட்டி யூனியன் பேங்க் மாதிரி லிஸ்ட் ஆன இடத்துல வேலை பார்க்கறவங்களுக்கு அந்த மேடை கட்டாயம் பிரயோஜனம். நீங்க ஆஸ்பத்திரி, காலேஜ், ரைஸ் மில், குடும்பக் கம்பெனின்னா மேடைக்காக மட்டும் டெல்லி போக வேண்டாம்.

அப்ப எதுக்குத்தான் போறதுன்னா, ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு ரவுண்ட் டேபிள். இருபது பேரை ஒரு ரூம்ல உக்கார வெச்சு சாத்தம் ஹவுஸ் ரூல் சொல்லிடுவாங்க, லண்டன்ல 1927ல வந்த வழக்கம் அது, அங்க கேட்டதை வெளில பயன்படுத்திக்கலாம், சொன்னது யாருன்னு மட்டும் சொல்லக்கூடாது. மேடைல ஜெயிச்ச கதையா சொன்ன அதே மனுஷங்க இந்த ரூம்ல, நாங்க முதல் ஆறு மணி நேரம் வாயைத் திறக்காம இருந்தது தப்பு, சேர்மன் சொல்றதை எதிர்த்துப் பேச எனக்கு தைரியம் வரல, இப்படியெல்லாம் மனசு விட்டுச் சொல்லுவாங்க. சென்னை ஒருநாள் கூட்டத்துல இதுக்கு நேரமே இருக்காது. காலைல குத்துவிளக்கு, வரவேற்புரை, பேனல், சாப்பாடு, பேனல், போட்டோ.

ரெண்டாவது சாப்பாட்டு வரிசை. இதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன். டெல்லில ரெண்டாவது நாள் மத்தியானம் தட்டை எடுத்துக்கிட்டு நிக்கும்போது பேராவூரணி பிராஞ்ச்ல இருந்து போன், “சொல்லுங்கண்ணே, சாப்ட்டீங்களா”ன்னு பேசிட்டு வெச்சேன். முன்னாடி நின்ன மேடம் திரும்பி “தஞ்சாவூர் பக்கமாம்மா?”ன்னாங்க. மதுரைல பொறந்தவங்க, மும்பைல ஒரு பேங்க்ல முப்பது வருஷமா இதே வேலை. சேர்ந்து சாப்ட்டோம், தயிர் சாதத்தைப் பத்திதான் அதிகம் பேசுனோம், கிளம்பும்போது நம்பர் குடுத்து “எந்த நேரமா இருந்தாலும் அடி”ன்னாங்க.

அடுத்த வருஷம் கார்த்திகைல, நல்ல மழை, ராத்திரி 10:40க்கு ஒரு வாய்ஸ் நோட் சுத்த ஆரம்பிச்சுது. யாரோ ஒரு ஆம்பளைக் குரல், எங்க கம்பெனி பேரைச் சொல்லி, மூடப் போறாங்க, அடகு வெச்ச நகையை காலைல முதல் வேலையா போயி மீட்டுடுங்கன்னு. டெல்டால நகைக்கடன்னா என்னன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், மேட்டூர் திறந்ததும் உழவுக்கும் உரத்துக்கும் தாலிக்கொடி வரைக்கும் உள்ள வெச்சிட்டு தை அறுப்பு முடிஞ்சு மீட்கறவங்கதான் எங்க ஜனங்க. அவங்களுக்கு அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டா தூக்கம் வருமா. 11:30க்குள்ள எனக்கே நாலு பேர் அனுப்பிட்டாங்க. நான் லெட்டர்பேட்ல ஒரு மறுப்பு டைப் பண்ணி, எம்டி சாருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்த மேடத்துக்கு அடிச்சேன். ரெண்டாவது ரிங்ல எடுத்தாங்க.

“லெட்டர்பேட் வேண்டாம்மா. வாய்ஸ் நோட்டுக்கு வாய்ஸ் நோட்டுதான் பதில். உங்க எம்டி அவரு பேசற தமிழ்லயே ஒரு நிமிஷம் பேசட்டும். வதந்தி, அவதூறு, சட்ட நடவடிக்கைன்னு எதையும் சொல்லக்கூடாது. நகை எங்க இருக்கு, யாரு பொறுப்பு, காலைல வந்தா என்ன நடக்கும், இது மூணு மட்டும் சொல்லட்டும். பிராஞ்சை அரை மணி முன்னாடியே திறங்க, மேனேஜரை வாசல்ல நிக்கச் சொல்லுங்க, நாற்காலி போடுங்க, தண்ணி குடுங்க, மீட்கறேன்னு சொல்றவங்களை தடுக்கவே தடுக்காதீங்க.”

எம்டி சார் 12:15க்குப் பேசி அனுப்புனாரு, மூணு தடவை பேசி மூணாவது சரியா வந்துச்சு. காலைல பேராவூரணில எழுபது பேருக்கு மேல குடையோட நின்னாங்க. முதல்ல நின்ன அம்மா நகையை மீட்டு, கைல வாங்கி, பையைத் திறந்து எண்ணிப் பார்த்துட்டு, சரி இருக்கட்டும்னு திரும்ப வெச்சிட்டுப் போனாங்க. பதினோரு மணிக்கு வரிசையே இல்ல. மேனேஜர் அண்ணன் போன்ல அழுதுட்டாரு. 70,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைச்சது அந்த ஒரு நம்பர்தான், அது போதும்.

சரி, தஞ்சாவூருக்கு வரேன். மும்பைல பேசறது நம்ம பக்கம் வந்து சேர்றது கடைமடைக்குத் தண்ணி வர்ற மாதிரிதான், மேட்டூர்ல ஜூன் 12 திறந்தாலும் கல்லணை தாண்டி பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் எட்டறதுக்குள்ள நாத்து காஞ்சிரும். அதனால நாங்க அஞ்சு பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை தஞ்சாவூர்ல ஹோட்டல் ஹால் எடுத்தோம். 22 பேர் வந்தாங்க, ஆஸ்பத்திரி, காலேஜ், சர்க்கரை ஆலை, ரெண்டு மூணு ஃபைனான்ஸ் கம்பெனி, கூடவே ஏழு நிருபர்கள். ஹாலும் சாப்பாடும் சேர்த்து தலைக்கு 900 ரூபாய்.

அன்னைக்குக் கத்துக்கிட்டதை டெல்லில யாரும் சொல்லித் தர முடியாது. நிருபர் அண்ணன் ஒருத்தர் லேப்டாப்பைத் திறந்து எங்க பிரஸ் நோட்டையே காட்டுனாரு, நாங்க பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ணி அனுப்புனது, அந்த ஃபான்ட் இல்லாத அவரு ஸ்கிரீன்ல வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கிடக்குது, அதை யாரு உக்காந்து மாத்துவா, தூக்கிப் போட்டுட்டேம்மான்னாரு. அஞ்சு வருஷமா எங்க நோட் ஏன் வரலன்னு நான் யோசிச்சதுக்கு பதில் அந்த ஸ்கிரீன்ல இருந்துச்சு. திங்கக்கிழமையே எந்த கம்ப்யூட்டர்லயும் தமிழாவே தெரியற யூனிகோடுக்கு மாத்துனோம். இன்னொருத்தர் சொன்னாரு, பேப்பர்ல மாவட்டச் செய்திப் பக்கத்தை சாயங்காலமே முடிச்சிருவோம், நீங்க ஆறு மணிக்கு அனுப்பிட்டு காலைல தேடுனா எப்படின்னு. அப்புறம் 2017ல கதிராமங்கலத்துல எண்ணெய்க் குழாய் உடைஞ்சு வயல்ல கச்சா எண்ணெய் பரவுனதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனோம். இந்த மண்ணுல விவசாயிக்கு நிலத்து மேல இருக்கற பயம் எவ்வளவு ஆழம், 2020ல டெல்டால புதுசா எண்ணெய், எரிவாயு எடுக்கக் கூடாதுங்கற பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வர்ற அளவுக்கு அது ஏன் போச்சு, நாளைக்கு நம்ம கம்பெனில ஒண்ணு நடந்தா முதல் ஒரு மணி நேரத்துல ஊருக்குள்ள யாரு போயி நிக்கணும். கஜா புயல் அடிச்ச 2018 நவம்பர் 16 காலைல டவரும் இல்ல கரண்டும் இல்ல, அன்னைக்கு ஆட்டோல மைக் கட்டி ஊர் ஊரா சொன்னதை ஒருத்தர் விவரிச்சாரு. நான் நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தேன்.

தஞ்சாவூர்ல ஒரு குறையும் இருக்கு. எல்லாரும் தெரிஞ்சவங்க, பாதிப் பேர் சொந்தம், சொந்தக் கம்பெனி செஞ்ச தப்பை அங்க வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க, சொன்னா மறுநாள் டீக்கடைல நிக்கும். அந்தச் சுதந்திரம் தூரத்துலதான் கிடைக்கும்.

மாசமும் பார்க்கணும். நான் பார்த்த பெரிய மாநாடு எல்லாம் செப்டம்பர்ல இருந்து டிசம்பருக்குள்ளதான் வெக்கறாங்க. ஐப்பசி, கார்த்திகைல டெல்டாவை விட்டு நாலு நாள் வெளில போற கம்யூனிகேஷன் ஆளு ஏர்போர்ட்ல நின்னுக்கிட்டே புயல் வார்னிங் பார்க்கணும். புரட்டாசிக்குள்ள வந்தா போங்க, அதுக்கப்புறம்னா அந்த வருஷத்தை விட்டுடுங்க.

அதனால நான் வெச்சிருக்கறது முறைப்பாசனம் மாதிரி. ஒரு வருஷம் வெளில, ஒரு வருஷம் உள்ளூர். வெளில போற வருஷம் ரவுண்ட் டேபிள் இருக்கற மாநாடா பார்த்துப் போவேன், செஷன்ல பாதியை விட்டாலும் ஒரு வேளை சாப்பாட்டைக் கூட ரூம்ல சாப்பிட மாட்டேன். சென்னை ஒருநாள் கூட்டம் இந்த வேலைக்குப் புதுசா வந்தவங்களுக்கு ரொம்ப நல்லது, முதல் பத்து நம்பர் அங்கதான் கிடைக்கும், அதனால இந்த வருஷம் எங்க தம்பியை அனுப்பறேன். திருவாரூர் தங்கச்சிகிட்டயும் அதையேதான் சொன்னேன், எம்டி தர்ற ஒரு காசுக்கு சென்னை போ, தஞ்சாவூருக்கு 900 ரூபாயை உன் கையில இருந்து போட்டுக்கோன்னு. இந்த வருஷம் தஞ்சாவூர் கூட்டம் ஆவணில ரெண்டாவது சனிக்கிழமை, மதுரை மேடம் வரேன்னு சொல்லியிருக்காங்க, அவங்களை திருச்சில போயி நானே கூட்டிட்டு வரப் போறேன்.