நாளுக்கொரு தாளில் மோட்டார் வரலாறு: ஒரு நாட்காட்டி பற்றி

மோட்டார் வாகன வரலாற்றின் முக்கிய நிகழ்வுகளையும் பந்தய வீரர்களின் பிறந்தநாள்களையும் நாளுக்கொரு தாளாகத் தொகுத்திருக்கும் இந்த மேசை நாட்காட்டி கைக்கு வந்ததும், நான் முதலில் புரட்டியது பிப்ரவரி 18ஆம் தேதியைத்தான். ஃபெராரி கார் நிறுவனத்தைத் தொடங்கிய என்சோ ஃபெராரி 1898இல் அன்று பிறந்தார் என்றும், கடும் பனிப்பொழிவால் பிறப்பைப் பதிவு செய்வது தாமதமாகி ஆவணத்தில் 20ஆம் தேதி ஏறிவிட்டது என்றும் சொல்வார்கள். இரண்டு தாள்களிலும் அந்தக் குறிப்பு இருந்ததைக் கண்டதும், தொகுத்தவர் விஷயம் தெரிந்தவர் என்ற நம்பிக்கை பிறந்தது.

பல தாள்கள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகின்றன. 1888 ஆகஸ்டில் கார் கண்டுபிடிப்பாளர் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை காரில் சென்றபோது, அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்ததும், வீஸ்லோக் மருந்துக் கடையில் எரிபொருளுக்காக லிக்ராயின் என்ற பெட்ரோலியக் கரைப்பானை வாங்கியதும், தேய்ந்துபோன பிரேக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் பொருத்திக்கொண்டதும் நான்கே வரிகளில் கண்முன் நிற்கின்றன. 1997ஆம் ஆண்டு ஸ்பெயினின் ஹெரேஸ் தடத்தில், ஃபார்முலா 1 பந்தயத்தின் தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்றில் வில்நவ், ஷூமாக்கர், ஃப்ரெண்ட்சன் மூவரும் 1 நிமிடம் 21.072 வினாடி என்ற ஒரே நேரத்தைப் பதிவு செய்ததைச் சொல்லும் அக்டோபர் 25ஆம் தேதித் தாள், அந்த நேரத்தை முதலில் எட்டியவர் என்பதால் வில்நவுக்கு முதலிடம் கிடைத்தது என்ற காரணத்தையும் விடாமல் சொல்கிறது.

பிறந்தநாள் தாள்கள்தாம் வறட்சியாக இருக்கின்றன. ஜூன் 24இல் ஃபார்முலா 1 வீரர் ஃபாஞ்சியோவுக்கு ‘ஐந்து முறை உலகச் சாம்பியன்’ என்ற ஒற்றை வரியோடு சரி. 1957இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில், டயர் மாற்றி எரிபொருள் நிரப்பி மீள்வதற்குள் முக்கால் நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியவர், சுற்றுக்குச் சுற்று சாதனையை முறியடித்து முன்னிருந்த இரண்டு ஃபெராரிகளையும் தாண்டி வென்றார். அதற்கு எந்தத் தாளிலும் இடமில்லை.

இன்னொரு விடுபடலை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. 1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலா பந்தயத் தடத்தில் விபத்துக்குள்ளாகி ஃபார்முலா 1 வீரர் அயர்டன் சென்னா இறந்ததற்கு முழுத் தாள் ஒதுக்கியவர்கள், அதற்கு முந்தைய நாள் அதே தடத்தில் தகுதிச்சுற்றின்போது உயிரிழந்த ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்சன்பெர்கரை ஏப்ரல் 30இல் குறிப்பிடவே இல்லை. அவருக்கு அஞ்சலியாக உயர்த்திக் காட்டவென்று சென்னா எடுத்துச்சென்ற ஆஸ்திரியக் கொடி, நொறுங்கிய காருக்குள் கிடைத்தது. ஏப்ரல் 30ஆம் தேதித் தாளின் ஓரத்தில் ராட்சன்பெர்கரின் பெயரை நானே பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். வழவழப்பான தாள் என்பதால் மை காயச் சற்று நேரம் பிடித்தது.