மைக் டைசன் சுயசரிதை வாங்கலாமா? என் ரேட்டிங் மூணரை ஸ்டார்

குத்துச்சண்டை ரிங்ல எதிராளி ஹோலிஃபீல்டு காதைக் கடிச்ச ஆளுதானே, அவரு புக்ல என்னத்த படிக்கறதுன்னு நினைக்கறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. 'அன்டிஸ்ப்யூட்டட் ட்ரூத்', 2013ல வந்தது, லாரி ஸ்லோமன் கூட சேர்ந்து எழுதினது, ஐநூறு பக்கத்துக்கு மேல போகுது. இங்கிலீஷ் ஈஸிதான், ஆனா கெட்ட வார்த்தை சும்மா கொட்டுது, வீட்ல சின்னப் பசங்க இருந்தா கண்ல படாம வைங்க.

எனக்குப் புடிச்சது சண்டை பார்ட் இல்லங்க, கோச் கஸ் டமாட்டோ வர்ற பகுதி. ப்ரூக்ளின்ல திருடிட்டு சுத்தின பையன தன் வீட்லயே வச்சு வளத்தவரு, குத்து சொல்லிக் குடுத்ததோட விடல, மனசு, பயம்னு பேசிட்டே இருப்பாரு, பயம் நெருப்பு மாதிரி, அடக்கி வச்சா சோறாக்கலாம் விட்டா வீட்டையே எரிச்சிடும்பாரு, எமில் கூயேன்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரரு முறைப்படி நாளுக்கு நாள் நான் தேறிட்டு வர்றேன்னு பையன சொல்லிட்டே இருக்க வச்சாரு. அதனால டைசன் பின்னாடி ரேப் கேஸ்ல ஜெயில்ல உக்காந்து வால்டேர், மாக்கியவெல்லி மாதிரி சிந்தனையாளருங்க, சீனக் கம்யூனிஸ்ட் தலைவர் மாவோன்னு படிச்சது திடீர் ஞானோதயம்லாம் இல்ல. புக் வந்த வருஷமே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பேப்பர்ல, தத்துவவாதிங்கள்ல கீர்க்ககார்ட் படிக்கறேன், ஆனா நீட்சேதான் ஃபேவரிட்னு வேற எழுதினாரு!

குறைன்னா, தான் படிச்ச சிந்தனையாளருங்க பேர அடுக்கறாரே தவிர நின்னு பேச மாட்டேங்கறாரு. கைல மாவோவ பச்சை குத்திக்கிட்ட மனுஷன், 1995ல ரிலீஸ் ஆகி வந்து வளக்கறது என்னன்னா புலி. 30 கோடி டாலருக்கு மேல சம்பாதிச்சும் 2003ல திவால், இவரு சண்டைகள ஏற்பாடு பண்ணின ப்ரமோட்டர் டான் கிங் மேல 10 கோடி டாலர் கேட்டு போட்ட கேஸ் 1.4 கோடில முடிஞ்சுது. எகனாமிக்ஸ் படிக்கற பசங்க இந்த காசுக் கதைக்காகவே வாங்கலாம், காண்ட்ராக்ட்ல யாரு கை மேல இருக்குங்கறது எந்த பாடப்புத்தகத்த விடவும் நல்லா புரியும். ஆனா அத இவரு படிச்ச படிப்போட சேத்து யோசிக்கற வேலைய நம்ம தலைல கட்டிட்டாரு.

இன்னொண்ணு, 1992ல ரேப் கேஸ்ல கோர்ட் குற்றவாளின்னு சொன்னத இவரு இன்னும் ஒத்துக்கல, அந்தப் பக்கங்க எனக்குப் படிக்கவே புடிக்கல, ஒரு ஸ்டார் அதுக்கே போச்சு. பின்பாதில போதை, பார்ட்டி, மறுபடி போதைன்னு ஒரே ரிப்பீட்டு, அங்க தள்ளிட்டுப் போனா ஒண்ணும் குடிமுழுகாது. எழுத்து ரொம்ப பொடிசு, கண்ணாடி போடறவங்க கிண்டில்ல வாங்குங்க.