பெரம்பூரா, பழைய வண்ணாரப்பேட்டையா, வில்லிவாக்கமா? சென்னையில் பழைய வீடு வாங்குவோருக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

அண்ணா நகரிலும் மயிலாப்பூரிலும் விலை கேட்டுத் திரும்பியவர்கள் அடுத்துப் பார்க்கும் பகுதிகள் இவை. மூன்றுமே ரயிலும் சந்தையும் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே அமைந்த பழைய ஊர்கள். ஆனால் விற்பனைக்கு வரும் சொத்தின் தன்மை ஊருக்கு ஊர் வேறு. சதுர அடி விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும். பழைய வீட்டில் விலை மண்ணுக்கும் பத்திரத்துக்கும்தான்.

போக்குவரத்தில் இன்றைக்கு முந்தி நிற்பது பழைய வண்ணாரப்பேட்டை. மெட்ரோ 2019இலேயே வந்துவிட்டது. சென்ட்ரலிலிருந்து மூன்றாவது நிலையம். பாரிமுனையிலோ எம்.சி. ரோட்டிலோ தொழில் செய்பவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் வீடுகள் குறுகலான முகப்போடு, சுவரோடு சுவர் ஒட்டி, உள்ளே நீண்டு போகும். பத்திரத்தின் செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) பக்கச் சுவர் பொதுச்சுவரா, தனிச்சுவரா என்று பாருங்கள். பொதுச்சுவர் என்றால் இடித்துக் கட்டும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு இல்லாமல் வேலை நடக்காது.

இங்கே மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் நிறைய உண்டு. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதித்திருப்பார்கள். தட்டோட்டு இணைப்பு விரிந்தால் தண்ணீர் இறங்கி, கட்டை சுவருக்குள் நுழையும் முனையில் தேங்கும். கட்டையின் நடுப்பகுதி உறுதியாகவே இருக்கும், முனைதான் மக்கும். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கட்டையின் சுவரோர முனையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றியாக வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குப் புதிதாகச் சிமென்ட் பூச்சு பூசியிருந்தால் இன்னும் கவனம் தேவை. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. சில மாதங்களில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும்.

பத்திரத்திலும் இங்கே சிக்கல் அதிகம். தாத்தா பெயரிலிருக்கும் வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வாரிசுகள் இருக்கலாம். பெண் வாரிசுகள் உட்பட ஒவ்வொருவரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். சில மனைகள் கோயிலுக்கோ வக்ஃபுக்கோ சொந்தம். குடியிருப்பவருக்குக் கட்டடம் மட்டுமே உரிமை. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

பெரம்பூர் ரயில்வே தொழிலாளர்கள் வளர்த்த ஊர். செம்பியம், பெரவள்ளூர் பக்கம் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் தனி வீடுகள் கிடைக்கின்றன. சுற்றிலும் இடம் விட்டுக் கட்டியிருப்பதால் பின்னாளில் இடித்துக் கட்டுவது எளிது. மண்ணோடு வீடு வேண்டும் என்பவர்களுக்கு இதையே முதலில் சொல்வோம். குறை மழைநீர். ஓட்டேரி நல்லா என்ற கால்வாயை ஒட்டிய தெருக்களைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற தெருக்களில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். மின் மீட்டரைப் பிற்பாடு உயர்த்தி மாட்டியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். இரண்டாம் கட்ட மெட்ரோவின் மாதவரம்–சிப்காட் தடம் இவ்வழியே சுரங்கத்தில் போகிறது. தடத்துக்கு அருகில் உள்ள வீடு என்றால் சுவர் விரிசல்களைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

வில்லிவாக்கத்தில் பட்ஜெட்டுக்குள் அகப்படுவது பெரும்பாலும் பழைய அடுக்ககம். இங்கே பார்க்க வேண்டியது யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. ஒரு கிரவுண்டில் எட்டு வீடு என்றால் சராசரியாக ஆளுக்கு 300 சதுர அடி வரும். மற்ற வீடுகளின் பத்திரங்களையும் வாங்கிக் கூட்டுங்கள். மொத்தம் மனையின் அளவைத் தாண்டினால் விலகிவிடுங்கள். ஆறு வீட்டுக்கு அனுமதி வாங்கி எட்டுக் கட்டியிருந்தால் அந்தக் கூடுதல் இரண்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து கம்பி துருவோடு தெரிந்தால், செலவு உங்கள் வீட்டோடு நிற்காது. மொத்தக் கட்டடத்தையும் இடித்துப் புதிதாகக் கட்ட, 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். நிலப் பங்கு நிறைவாக இருந்தால்தான் அது நமக்கு லாபம்.

மூன்று ஊருக்கும் பொதுவான ஒன்று வாசற்படி. ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் பல பழைய வீடுகளின் தரை தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. படியிறங்கி உள்ளே போகும் வீட்டில் கனமழையின்போது கழிவுநீர் கழிப்பறை வழியாகத் திரும்பி வரும். தரையை உயர்த்தலாம், ஆனால் கதவு, ஜன்னல், கூரை உயரம் எல்லாம் அதோடு குறையும்.

விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். அதாவது 48 லட்சம். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்துக்கு 5.4 லட்சம். இது கையிலிருந்துதான் போக வேண்டும். ஆக 17.4 லட்சம் ரொக்கம், அதற்குமேல் தரகும் மராமத்தும். விலையில் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் கேட்கும் விற்பவரிடம் போனால் கடனும் அந்த அளவுக்குக் குறையும்.

முன்பணம் கொடுக்குமுன் டவுன் சர்வே பதிவேட்டு நகலையும், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்றையும் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), மூலப் பத்திரங்களின் அசலையும் வக்கீலிடம் காட்டுங்கள். அசல் தொலைந்துவிட்டது என்றால் அது எந்த வங்கியிலாவது அடமானத்தில் இருக்கிறதா என்று தெரியும்வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.