மதுரையில அப்பாவுக்கு ஒரு கார்: மாச வாடகையா, சொந்தமா?

அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிஞ்சிருந்துச்சு. திருநகர் வீட்டுலருந்து அண்ணா நகர் போய் பிசியோதெரபி, நடுவுல அம்மாவுக்கு கண் டாக்டர், அப்பப்ப கள்ளிக்குடி பக்கம் குலசாமி கோயில், இப்படி ஓட்டம் இருந்துகிட்டே இருந்ததால நியூ ஜெர்சிலருந்து வந்து இந்தத் தடவை சில மாசம் மதுரையிலயே தங்கி வேலை பார்த்தேன். வண்டி இல்லாம ஆகாதுன்னு வந்த கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுபோச்சு. ஆப்ல புக் பண்ற டாக்ஸி நமக்கு ஓகே, ஆனா காலை மடக்க முடியாத மனுஷனை வாசல்ல சேர் போட்டு உக்கார வச்சிருக்கும்போது டிரைவர் போன் பண்ணி எங்க போகணும், கேஷா ஜிபேயான்னு கேட்டுட்டு கேன்சல் பண்ணிட்டா அதைப் பார்த்துகிட்டு நிக்க மனசு வராது.

அமெரிக்காவுல நான் ஓட்டுறது லீஸ் வண்டி. 36 மாசம், வருஷத்துக்கு 10,000 மைல், முடிஞ்சா சாவியைக் குடுத்துட்டு வந்துரலாம். அதனால இங்கயும் அதைத்தான் மொதல்ல விசாரிச்சேன். நம்ம ஊர்ல கார் லீஸ்ங்கறது பெரும்பாலும் கம்பெனிங்க அவங்க ஸ்டாஃபுக்கு சம்பளத்துல பிடிச்சுகிட்டு எடுத்துக் குடுக்குறது, அதுல வருமான வரி மிச்சமாகும்னுதான் எடுக்குறாங்க, ரிட்டயர் ஆனவருக்கு அந்த லாபம் கிடையாது. தனி ஆளுக்குன்னு இருக்கறது மாச சப்ஸ்கிரிப்ஷன். பைபாஸ் ரோட்டுல ஒரு ஷோரூம்ல கேட்டேன், அந்தத் தம்பி உக்கார வச்சு டீ குடுத்து பொறுமையா பேசுனாரு, ஆனா "அதெல்லாம் சென்னைல பேசணும்க்கா, இங்கிட்டு யாரும் கேக்குறதில்ல"ன்னு ஒரு நம்பரைக் குடுத்துட்டாரு. அந்த நம்பர்ல பேசுனா சின்ன ஹேட்ச்பேக்குக்கே மாசம் 20,000 ஒட்டி வருது, இன்சூரன்ஸ் சர்வீஸ் எல்லாம் அதுக்குள்ளயே, ஆனா குறைஞ்சது ஒரு வருஷம் எடுக்கணும், டெபாசிட் உண்டு, கிலோமீட்டர் லிமிட் உண்டு, நடுவுல திருப்பிக் குடுத்தா அதுக்குத் தனியா பிடிப்பாங்க. வண்டி ரெண்டு விதமா வரும். ஒண்ணு நம்ம பேர்லயே ஒயிட் போர்டு, அதாவது வெள்ளை நம்பர் பிளேட், ஆர்.சி.ல அவங்க பேர் ஹைப்பாதிகேஷன்ல, அடமானம் மாதிரி, இருக்கும். இன்னொண்ணு அவங்க பேர்லயே கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து. கணக்கு போட்டா வருஷத்துக்கு 2.4 லட்சம், கடைசில கையில ஒண்ணும் நிக்காது. வருஷா வருஷம் ஊர் மாறுற ஆளுக்கு இது சரியா இருக்கும், திருநகர்ல முப்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்குறவங்களுக்கு எதுக்கு?

புதுசு வாங்கிரலாம்னு அம்மா சொன்னாங்க. 2025 செப்டம்பர்லருந்து சின்ன காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமா குறைஞ்சது உண்மைதான், ஆனா வண்டி ரிஜிஸ்டர் பண்ணும்போது ஒரே தடவையா கட்டுற நம்ம தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸை மறந்துரக்கூடாது, 2023 நவம்பர்லருந்து 5 லட்சத்துக்கு உள்ள 12, 5லருந்து 10 லட்சம் வரைக்கும் 13, அதுக்கு மேல 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம். விக்கும்போது அந்தக் காசு திரும்ப வராது. இன்சூரன்ஸ்காரன் வண்டிக்குப் போடுற மதிப்பு, ஐ.டி.வி.ம்பாங்க, அந்தக் கணக்கே ஒரு வருஷம் முடியறதுக்குள்ள 15 சதவீதம் குறைஞ்சு ரெண்டாவது வருஷத்துல 20 ஆயிருது. தினமும் ஓட்டுற வீட்டுக்கு புதுசு வாங்குறது தப்பே இல்ல. எங்க வீட்டுல ஆஸ்பத்திரி, கோயில், எப்பவாவது ஒரு கல்யாணம், அவ்வளவுதான் ஓட்டம்.

இதுக்கு நடுவுல சொந்தக்காரர் ஒருத்தர் "எதுக்கு அலையிறீங்க, தெரிஞ்ச பையன்ட்ட மாச வாடகைக்கு வண்டி வாங்கித் தாரேன்"னு சொல்லி ஒரு வண்டியும் வாசல்ல வந்து நின்னுச்சு. நல்ல வண்டி, வாடகையும் கம்மி. ஆனா ஒயிட் போர்டு. இதை மட்டும் வெளிநாட்டுலருந்து வர்ற எல்லாரும் கவனிங்க, சொந்த உபயோகத்துக்குன்னு ரிஜிஸ்டர் பண்ண வண்டியை வாடகைக்கு விடக்கூடாது, நாமளே ஓட்டிக்குற மாதிரி வாடகைக்கு விடணும்னா கறுப்பு போர்டு மஞ்சள் எழுத்துதான். ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டி ஒரு இடத்துல தட்டிட்டா, வாடகைக்கு ஓடுச்சுன்னு தெரிஞ்சதும் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சுரும். வயசானவங்களை வச்சுகிட்டு அந்த ரிஸ்க்கை எடுக்க முடியாதுன்னு அவர்ட்ட நேராவே சொல்லிட்டேன், அவருக்கு கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசில செகண்ட் ஹேண்ட்ல நல்லதா ஒண்ணு பாத்து அப்பா பேர்லயே வாங்குறதுன்னு முடிவாச்சு. ஏன் அப்பா பேர்னா நான் கிளம்பிப் போனப்புறம் இன்சூரன்ஸ் ரினியூவல், புகை சர்டிபிகேட், விக்கணும்னா கையெழுத்து எல்லாத்துக்கும் ஆள் இங்கயே இருக்கணும். என் பேர்ல வாங்கிட்டுப் போயிட்டா ஒவ்வொண்ணுக்கும் நான் பிளைட் ஏறணும்.

பழைய வண்டி வாங்கி விக்குற கார் கன்சல்டிங் கடைகள்ல ஏறி இறங்குனது ஒரு தனி அனுபவம். ஒரு எடத்துல கேள்வி கேட்டது நான், பதில் முழுக்க கூட வந்த சித்தப்பாவுக்கே போச்சு, காசு குடுக்கப் போறது யாருன்னு தெரிஞ்சும். அங்க நான் வாங்கல. இன்னொரு கடைல வண்டி பிடிச்சிருந்துச்சு, கவர்மென்ட்டோட எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டா பழைய ஃபைனான்ஸ் இன்னும் ஏறி நிக்குது. லோன் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு சொல்றாரு, முடிஞ்சிருக்கலாம், ஆனா பாக்கி இல்லைன்னு பேங்க் குடுக்குற என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35ம் குடுத்து எச்.பி.யை, அதான் அந்த ஹைப்பாதிகேஷனை, கேன்சல் பண்ணாம அடுத்தவங்க பேருக்கு மாத்த விடமாட்டாங்க. பண்ணிட்டு கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்தோம், கூப்பிடவே இல்ல.

பழங்காநத்தத்துல பட்டறை வச்சிருக்க ஒரு மெக்கானிக் அண்ணனை சித்தப்பா கூட்டிட்டு வந்தாரு. அவர் வேலை பாக்குறதைப் பக்கத்துல நின்னு பாக்கணும். ஒரு சென்னை நம்பர் வண்டி, பாலிஷ் போட்டு பளபளன்னு நின்னுச்சு, விலையும் இறங்கி இருந்துச்சு. பானெட்டையே திறக்கல, மொதல்ல முன் சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்தாரு, வழக்கமா வெளிய வராத அந்த அடிப்பகுதில செம்மண் கலர்ல ஒரு கோடு. அப்புறம் டிக்கில மேட்டைத் தூக்கி ஸ்டெப்னிக்கு அடில விரலை விட்டு எடுத்துக் காமிச்சாரு, மாவு மாதிரி நைஸா சேறு. "தண்ணிக்குள்ள நின்ன வண்டிக்கா, இன்னைக்கு ஓடும், ஒயரிங் எப்ப போகும்னு சொல்ல முடியாது, வேணாம்." 2015லயும் 2023 டிசம்பர்லயும் சென்னைல தண்ணி நின்னப்ப எத்தனை வண்டி மூழ்குச்சுன்னு நினைச்சுப் பாருங்க, அதெல்லாம் எங்கயோ ஒரு ஊர்ல வித்துதானே ஆகணும். டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்ச டயர்னு அதையும் காமிச்சுக் குடுத்தாரு. காசு எவ்வளவுன்னு கேட்டா வாங்கவே மாட்டேன்னுட்டாரு, கட்டாயப்படுத்திதான் குடுத்தோம்.

அவர் சரின்னு சொன்னது TN 59 நம்பர், சிங்கிள் ஓனர், 2018 மாடல் ஹேட்ச்பேக். மூணே முக்கால் லட்சத்துக்குப் படிஞ்சுச்சு. முழுசையும் கேஷா குடுங்கன்னு புரோக்கர் நச்சரிச்சாரு, ரெண்டு லட்சம் அதுக்கு மேல கேஷா வாங்குறதே வருமான வரி சட்டப்படி தப்புன்னு சொல்லி முழுசையும் பேங்க்லயே போட்டோம்.

பேர் மாத்துறதுக்கு ஃபார்ம் 29, 30, ரெண்டுலயும் வித்தவர் கையெழுத்து. பரிவாகன் சைட்ல ஃபீஸ் கட்டியாச்சு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நின்ன ஒருத்தர் இதுக்கு மூவாயிரம் கேட்டாரு, குடுக்கல, கொஞ்சம் காத்திருக்க வேண்டி இருந்துச்சு, ஆனா கவுண்டர்ல இருந்த அம்மா விடுபட்டிருந்த ஒரு கையெழுத்தைக் கண்டுபிடிச்சு அன்னைக்கே போட வச்சு வாங்கிக்கிட்டாங்க. ஆர்.சி. கார்டு ஸ்பீட் போஸ்ட்ல வீட்டுக்கே வந்துருச்சு. பேர் மாறின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் மாத்தணும், தேர்ட் பார்ட்டி தானா வந்துரும், நம்ம வண்டிக்கான டேமேஜ் கவர் அப்படி வராது. பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் பண்ணாம இருந்ததுக்கு பிரீமியத்துல கிடைக்குற தள்ளுபடி, அவரோடதான், அந்த வித்தியாசத்தை நாமதான் கட்டணும், இதைக் கன்சல்டிங்ல யாரும் வாயைத் திறந்து சொல்லல. ஃபாஸ்டேக்கும் அப்படித்தான், பழையதை அவர் க்ளோஸ் பண்ணிட்டு நாம புதுசு போடணும், திருநகர்லருந்து கள்ளிக்குடி போகணும்னா கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டித்தான் போகணுமே.

நான் இருந்த வரைக்கும் இன்டர்நேஷனல் பெர்மிட்ல நானே ஓட்டுனேன். இப்ப ஆக்டிங் டிரைவர். மாசச் சம்பளத்துக்கு ஆள் வேணாம், வேணுங்கற அன்னைக்கு முந்தின நாள் ராத்திரி போன் பண்ணா காலைல வந்து நிப்பாரு, நாள் கணக்குல சம்பளம், வெளியூர்னா பேட்டா சாப்பாடு தனி. ரெண்டு பேர் நம்பரை அம்மா போன்ல போட்டு வச்சிருக்கேன், ஒருத்தர் அப்பாவை ஏத்தும்போது சீட்டை ஃபுல்லா பின்னாடி தள்ளிட்டு காலை மொதல்ல உள்ள வைக்கவிடாம உக்கார வச்சுத் திருப்புவாரு, சொல்லிக் குடுக்காமலே. சித்திரைத் திருவிழா சமயத்துல மட்டும் இவங்க யாரும் கிடைக்க மாட்டாங்க, ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வச்சிரணும்.